ஏழுமலையின் சட்டை விளக்கு

இதில் ஒரு சொல் பொய்யானாலும் பழவேற்காட்டு ஏரி உப்பற்றுப் போகட்டும்.

பெரியவர்களுக்கான பத்தாம் வகுப்பு அது. கவனம் இருந்தால் அவரவர் சட்டையில் குத்திய விளக்கு எரியும், சிதறினால் அணையும். படகோட்டும் உரிமத்துக்காகப் படிக்க வந்த ஏழுமலையின் விளக்கு மட்டும் மின்மினிதான். ஜன்னலில் பூநாரை பறந்தால் அவர் மனமும் கூடவே பறந்து, ஏரியைச் சுற்றிவிட்டு வந்து உட்காரும்.

"பேரன் எடுத்த வயசுல என்னய்யா கவனக் குறைபாடு? எல்லாம் சோம்பேறித்தனம்!" என்றார் ரெஜினா டீச்சர்.

"மாத்திரை குடுத்திருக்காங்க டீச்சர். அதப் போடத்தான் மறந்துபோவுது."

வகுப்பே சிரித்தது.

"பதிவேட்டுல ஒங்க பேரை அடிச்சாச்சு. கெளம்புங்க."

ஏழுமலை வாசலைத் தாண்டியதும் எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்தன, டீச்சருடையது உட்பட. இத்தனை நாளும் எல்லோரும் ஒன்றிக் கவனித்தது, அவர் விளக்கு எப்போது அணையும் என்பதைத்தான்.

டீச்சர் வெளியே ஓடினார். "ஏழுமலைண்ணா, பேரைத் திரும்ப எழுதிட்டேன், வாங்க!"

ஏழுமலை அதற்குள் பூநாரைகளோடு ஏரிக்கு மேலே போய்க்கொண்டிருந்தார்.

"இந்தச் சுத்து முடியட்டும் டீச்சர், வந்துடறேன்" என்றார் அங்கிருந்தே.

அன்று வகுப்பு தொடங்கியதிலிருந்தே, கடைசி பெஞ்சில், சத்தியம் செய்த என் விளக்கு அணைந்துதான் இருந்தது.