உட்டேயின் சுளுக்கு

"பால்ல ஊறின பன்னை நல்லா பிழி, ரைனர்! ஈரம் நின்னா ஃப்ரிக்கடெல் கறிவடை வாணலியிலேயே உதிர்ந்துபோகும்."

"முப்பது வருஷமா நீதானே சுட்ட? கை சுளுக்கினதும் என் உயிரை எடுக்கிற!"

மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்த மனைவி உட்டே விடவில்லை. "கொத்துக்கறியை ஏன் ஒத்தைக் கையால தடவுற? அது என்ன பூனைக்குட்டியா? ரெண்டு கையாலயும் பிசை!"

எரிச்சலில் இரண்டு கைகளையும் புதைத்துப் பிசைந்த ரைனர் சட்டென்று நின்றார். பக்கவாதத்தில் ஏழு மாதமாய் முடங்கிக் கிடந்த இடது கை விரல்கள், இடுக்கெல்லாம் கறி பிதுங்க, இறுக மடங்கியிருந்தன.

"உட்டே... இதைப் பாரு!"

உட்டே கட்டை உருவி எறிந்துவிட்டு, ஓடிவந்து இரு கைகளாலும் அந்த முஷ்டியைப் பற்றிக்கொண்டார்.

"அடிப்பாவி! உன் சுளுக்கு?"

"இப்பத்தான் சரியாச்சு. நிறுத்தாம பிசை!"