கீபோர்டு பை

"எதுக்கு சார் துப்பாக்கி?"

பாண்டி பஜார் மாடித் துப்பாக்கிக் கடையில் விற்பனையாளன் சாய்சரண் இப்படிக் கேட்டதும், நூர் முஹம்மது பக்கத்தில் நின்ற மகள் இஃப்ராவைக் காட்டினார்.

"இவளுக்குத்தான் தம்பி. ஏர் ரைஃபிள். டார்கெட் சுடறதுக்கு. கிளப் துப்பாக்கிலயே பழகிட்டிருந்தா. அது எவனோ ஆறடி ஆளுக்கு செஞ்சது. அடுத்த மாசம் மாவட்டப் போட்டி வருது."

"கிளப் கார்டு இருக்கா?"

இருந்தது.

"ஆதார்?"

அதுவும் இருந்தது. இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் சாய்சரண் அலமாரியைத் திறந்தான்.

முதல் ரைஃபிளை இஃப்ரா தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தாள். அப்படியே நின்றாள். முகம் மலர்ந்து போயிற்று.

"அத்தா, இதுதான்."

நூர் முஹம்மது பாக்கெட்டிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார். துப்பாக்கியை அளந்தார். பிறகு தன் தோளில் தொங்கிய நீளமான பையை இறக்கி அதையும் அளந்தார். மியூசிக் கீபோர்டு வைக்கிற பை.

"நாலு விரக்கடை வெளிய நிக்கும். சின்னதா காட்டுங்க தம்பி."

"சார், ரைஃபிளைப் பொண்ணோட தோளுக்குப் பார்த்து வாங்கணும். பைக்குப் பார்த்து வாங்கக் கூடாது."

"பைக்கும் பார்க்கணும்."

சாய்சரண் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டு சின்னதை எடுத்து வைத்தான். இஃப்ரா அதன் பின்கட்டையை முழங்கை மடிப்பில் முட்டுக்கொடுத்து விரலை நீட்டினாள். விரல் ட்ரிகரைத் தாண்டிப் போயிற்று.

"இது சின்னப் பசங்களுக்கு அத்தா. இதை வெச்சு ஒண்ணும் அடிக்க முடியாது."

"பழகிக்கலாம்மா."

இஃப்ரா சின்னதைத் திருப்பி மேஜைமேல் வைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில் ஒரு அம்மாவும் பெண்ணும் படியேறி வந்தார்கள். இஃப்ராவைப் பார்த்ததும் அந்தப் பெண் கையசைத்தாள். மயிலாப்பூர் ஹம்சா; கிளப்பில் இஃப்ராவுக்குப் பக்கத்தில் நின்று சுடுகிறவள். கூட வந்தது அவள் அம்மா காமாக்ஷி.

"ஏர் ரைஃபிள் பார்க்கணும். இவளுக்கு" என்றாள் காமாக்ஷி.

"வாங்க மேடம். எந்த மேட்ச்சுக்கு?" என்று சாய்சரண் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"மாவட்டப் போட்டி."

ஹம்சா அந்தப் பெரிய ரைஃபிளைத் தூக்கிப் பார்த்தாள். பிடித்துவிட்டது. வேலை முடிந்தது. சாய்சரண் ஸ்டாக்கிலிருந்து அதே மாடலில் புதுசு ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு சிவப்பு கேஸையும் எடுத்து வைத்தான். அதன்மேல் துப்பாக்கிப் படம் பெரிசாகப் போட்டிருந்தது.

"கேஸ் கடையோட கிஃப்ட் மேடம். பேரும் ஒட்டித் தருவோம்."

பெரிய எழுத்தில் ஹம்சாவின் பெயர் ஏறியது. இஃப்ரா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூர் முஹம்மது இஃப்ராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தப் பெரிசே இவளுக்கும் குடுங்க" என்றார். "சோபா தைக்கிறவன் நான். பையை நாலு விரக்கடை இழுத்துத் தைக்கறது ஒரு வேலையா."

"எதுக்கு சார் தைக்கணும்? உங்களுக்கும் கேஸ் ஃப்ரீதான். இஃப்ரான்னு அழகா ஒட்டித் தர்றேன்."

"வேணாம். இதுவே போதும்."

"சார், ரைஃபிளைப் போய் யாராவது கீபோர்டு பையில வைப்பாங்களா?"

"நாங்க வைப்போம்."

சாய்சரண் பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை. பெண்கள் முன்னேற்றம் பற்றி அவனுக்குத் திடமான கருத்துகள் உண்டு.

"தப்பா நினைக்காதீங்க சார். பொண்ணு ஷூட்டிங் போறது நாலு பேருக்குத் தெரியக் கூடாதுன்னு நினைக்கறீங்க. இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி மூடி மூடி வைப்பீங்க?"

காமாக்ஷிக்கும் மனசு கேட்கவில்லை.

"அதானே. இதுல என்ன சார் வெக்கம்? எங்காத்துல இதை மாட்டிண்டு நிக்க வெச்சு போட்டோ எடுத்து, ஃபேமிலி குரூப்ல போடப்போறோம். ஹம்சா இதைத் தோள்ல போட்டுண்டு பஸ்ல ஏறட்டுமே, கண்டக்டரே கேப்பார், 'என்னம்மா, மெடல் வாங்கினியா'ன்னு."

"வெக்கமெல்லாம் இல்லம்மா" என்றார் நூர் முஹம்மது. "எம் பொண்ணு சுடறதை நான் எங்க தெருவுல சொல்லாத ஆளு கிடையாது. இவ மெடலு எங்கடைக் கல்லாவுக்கு மேலதான் தொங்குது."

"அப்புறம் என்ன?"

"ஹம்சாவைப் பார்த்தா மெடல் வாங்கினியான்னு கேப்பாங்க. இவ அதே பெட்டியோட பஸ்ல ஏறினா, எங்க வாங்கினே, யாருக்கு எடுத்துட்டுப் போறேன்னு கேப்பாங்க. போட்டி அன்னிக்குக் காலையில நடுரோட்டுல எறக்கி விட்டுட்டாங்கன்னா, இவ எங்கிருந்து சுடறது?"

காமாக்ஷி ஹம்சாவின் சிவப்பு கேஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க சும்மா பயப்படறீங்க சார்" என்றான் சாய்சரண். "இந்தக் காலத்துல, அதுவும் மெட்ராஸ்ல, யாரு சார் அப்படியெல்லாம் ஆள் பார்த்துக் கேக்கறாங்க?"

நூர் முஹம்மது துப்பாக்கியைக் கீபோர்டு பையில் இறக்கினார். நாலு விரக்கடை வெளியே நின்றது. அதன்மேல் தன் கைக்குட்டையைச் சுற்றினார்.

"அவங்களை 'எந்த மேட்ச்சுக்கு'ன்னு கேட்டீங்க. எங்களை 'எதுக்கு'ன்னு கேட்டீங்க தம்பி."