கைக்குக் கனமான பேட்டரி

கேமராக் கடைக்கார இளஞ்செழியன் மூன்று பேட்டரிகளைக் கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைத்தான். மூன்றுமே தீப்பெட்டியைவிடச் சின்னவை.

“ஒரிஜினல் வர்றதில்ல பாய். கம்பெனிக்காரன் நிறுத்திப் பல வருஷமாச்சு. இது மூணுமே வேற ஆளுங்க செய்யிறது. பாத்து எடுத்துக்கங்க.”

ஜலால் பாய்க்கா பார்த்து எடுக்கத் தெரியாது! முல்லா வீதியில் முப்பத்தைந்து வருஷமாக மெத்தைக்கடை வைத்திருக்கிற மனுஷர். உறை எவ்வளவு பளபளத்தாலும், உள்ளே இருப்பது இலவம்பஞ்சா, மில் கழிவா என்று ஒரே அமுக்கில் சொல்லிவிடுவார்.

முதல் பேட்டரியை எடுத்தார். எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதைச் செய்தவன் அதன் முதுகில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்: இரண்டாயிரத்து ஐந்நூறு. கேமராவோடு வந்த பழைய பேட்டரியில் எழுநூற்று நாற்பதுதான் இருந்தது.

“இத்தனூண்டு டப்பாக்குள்ள இம்மாம் சரக்க எப்பிடிய்யா அடைச்சான்?”

இளஞ்செழியன் சிரித்துவிட்டான். அதைத் தானே எடுத்து மேசைக்குள் திருப்பி வைத்தான்.

இரண்டாவதில் கனமே இல்லை. மூன்றாவது கைக்குக் கனமாக இருந்தது. எழுநூற்று ஐம்பது என்று அடக்கமாக எழுதி, செய்த மாதத்தையும் போட்டிருந்தான். நாலு மாதம்தான் ஆகிறது. கேமராவுக்குள் தள்ளியதும் இடிக்காமல் போய், கொக்கி டக்கென்று பிடித்துக்கொண்டது.

போன மாதம் ஆன்லைனில் வாங்கிய ஒன்று படுத்திய பாடு இருக்கிறதே, அப்பப்பா! போட்ட அன்றைக்கே, கேமராவை ஒரு தடவைகூட எழுப்பாமல், உப்பிப்போய் உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் ஜலால் பாய்க்கு உயிர் போய் உயிர் வந்தது.

அது ஃபரீஹாவின் கேமரா. ஒரே மகள். பத்தொன்பது வயதில், டெங்குக் காய்ச்சலில், நாலே நாளில் போய்விட்டாள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து கிடைத்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவர் மனைவி ஜரினா சொன்னாள்: “அவ முகம் எனக்கு மறந்துகிட்டே வருதுங்க.”

வீட்டில் இருப்பது ஆறு வயதில், முன்பல் விழுந்த வாயோடு எடுத்த ஒரு படம். ஆதார் அட்டையில் இருப்பதைப் பார்த்தால் பெற்றவளே இது யாரு என்கிறாள்.

கேமராவில் கார்டு கிடையாது. படமெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. கம்பி செருகும் இடமோ கடல் காற்றில் துருப்பிடித்துப் போய்விட்டது. கேமரா விழித்தால்தான் படம்.

பேட்டரியை ஒரு மணி நேரம் சார்ஜில் போட்டார்கள். ஜலால் பாய் டீகூட வேண்டாம் என்று ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார்.

விழித்துவிட்டது.

முப்பத்தொரு படங்கள். ஜரினா வெங்காயம் உரிக்கிறாள். பக்கத்து வீட்டுப் பூனை மாடிப்படியில் சோம்பல் முறிக்கிறது. ஜலால் பாயின் தங்கச்சி மகள் கடற்கரைப் பாறைமேல் நின்று நாக்கை நீட்டுகிறாள். மெத்தைக்கடை வாசலில் ஜலால் பாய், தாடி கறுப்பாக, முறைத்துக்கொண்டு.

“இதுல உங்க பொண்ணு யாரு பாய்? பெருசாப் பிரிண்ட் போட்டுத் தர்றேன்.”

ஜலால் பாய் முதலிலிருந்து மறுபடி ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

பிரான்சிலிருந்து வந்த தாய்மாமன் இந்தக் கேமராவை அவள் கையில் கொடுத்த அன்று, வீடே கேட்க ஜலால் பாய்தான் சொன்னார்: “யாரை வேணாலும் எடு. உன் மூஞ்சி மட்டும் இதுல வுழுந்துச்சு, கேமரா கடலுக்குப் போயிடும்.” வயசுக்கு வந்த பெண்ணின் படம் நாலு பேர் கையில் போகக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்த அன்றைக்குக்கூட அவளை வீட்டோடு நிறுத்திக்கொண்டார்.

சொன்னால் அவளா கேட்பாள்? லாஸ்பேட்டை காலேஜுக்கு பஸ்ஸில் போ என்றால் சைக்கிளில் போவாள். தொண்டை கட்டியிருக்கிறது, சும்மா இரு என்றால் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுவிட்டு வருவாள். சொல்பேச்சு கேட்காத கழுதை என்று, மெத்தை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிக் குறைப்பட்ட பிள்ளை.

அந்த நம்பிக்கையில்தான் இந்தப் பேட்டரிக்கு இப்படி அலைந்தார். யாரும் இல்லாத நேரம் பார்த்து, பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, ஒன்றே ஒன்று எடுத்திருக்க மாட்டாளா? யா அல்லாஹ், எனக்குத் தெரியாமல் இந்த ஒரு தப்பை என் பிள்ளை பண்ணியிருக்கக் கூடாதா?

முப்பத்தொரு படத்திலும் எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெங்காயக் கண்ணீரோடு ஜரினா அவளைப் பார்த்துச் சிரித்தாள். அவள் எதிலும் இல்லை.

எதையுமே கேட்காதவள், இதை மட்டும் கேட்டிருக்கிறாள்.

போன் அடித்தது. ஜரினாதான்.

“என்னங்க, தெரியிறாளா?”

ஜலால் பாய் கேமராவை மேசைமேல் வைத்தார். “பேட்டரி டூப்ளிகேட்டாப் போச்சு ஜரினா. கேமரா ஏந்திரிக்கவே இல்ல. வேற பாக்குறேன்.”

கடைக்காரன் எதிரிலேயே அவன் சரக்கைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. இளஞ்செழியன் சார்ஜர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கேமராத் திரையின் மூலையில் பேட்டரியின் மூன்று கோடும் முழுசாக எரிந்துகொண்டிருந்தன.