இருபத்தைந்தாம் பக்கம்

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ரால்ஃப்.”

“அட பைத்தியமே, உன் மானம் என் மானம் இல்லையா?”

கல்யாணத்துக்கு முன் பெற்ற மகளைத் தேவாலய வாசலில் விட்டதை டாபிதா கணவனிடம் சொல்லி அழுத நாள் அது. ஆறு வருடம் கழித்து, நியூகாசிலில் அவர்களுடைய அச்சுக்கூடத்தில், ‘பாவித் தாய்’ என்ற, ஒரு பென்னி விலையுள்ள நீதிக்கதைப் புத்தகத்தின் தாள்களை அவளே மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கதைதான். குழந்தையைச் சுற்றிய கிழிந்த சால்வைகூட மாறவில்லை.

“சந்தையில அள்ளிட்டுப் போறாங்க, டாபி!” என்றான் ரால்ஃப்.

ஒரு தாளை மடித்தால் இருபத்துநான்கு பக்கம். இதில் இருபத்தைந்து இருந்தது. கடைசிப் பக்கத்தில், அவர்களிடம் அச்சுக்கட்டையே இல்லாத ஒரு படம்: தேவாலய வாசலில், கிழிந்த சால்வையோடு ஒரு சிறுமி. அடுத்த பிரதியில் அந்தச் சிறுமி பாலத்தின் மேல் நின்றாள். அதற்கடுத்ததில், அவர்கள் கடை வாசலில்.

ஆறு வருடமாகக் கேட்காததை டாபிதா கேட்டாள்.

“ஊருக்கே சொல்லிட்டீங்க, இனி யாருக்குப் பயப்படணும்? கதவைத் திறங்க. என் பொண்ணை உள்ள விடுங்க.”