கட்டணமில்லா எண்

உதவியாளர் கையை நீட்டுவதற்குள் அவள் ரிசீவரை எடுத்துவிட்டாள்.

குடிநீர் அலுவலகத்து மேசை. கறுப்பு போன். பக்கத்தில் அவள் கொண்டுவந்து வைத்த பாட்டில். ஒன்பது நாளாய் அவள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர்தான் அதில். சாக்கடை கலந்தது. முகர்ந்து பார்க்க மூடியைத் திறக்க வேண்டிய அவசியமில்லை. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே உதவியாளர் ஒரு ஃபைலைப் பிரித்து வைத்திருந்தார்.

மகள் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள். ஆறு வயது. மூன்று நாளாக டிரிப்ஸ் ஏறுகிறது. அதே தெருவில் இன்னும் நான்கு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள்.

"இங்க எழுதி வாங்குறதில்லம்மா. புகாரெல்லாம் இனிமே அந்த நம்பர்லதான்" என்று சுவரைக் காட்டியிருந்தார்.

சுவரில் பலகை. கட்டணமில்லா எண் என்று கொட்டை எழுத்தில். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. செல்போனிலிருந்து அழைத்தால் கட்டணம் உண்டு.

அந்த வரியை அவள் படிக்க வேண்டியதில்லை. பட்டுத் தெரிந்துகொண்டாயிற்று.

உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒருத்தி தேனாய்ப் பேசுவாள். பிறகு வீணை. மறுபடி அவள். மறுபடி வீணை. பிறகு பேலன்ஸ் தீர்ந்து கட்டாகிவிடும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி மூன்று ரீசார்ஜை வீணைக்கே கொடுத்திருந்தாள். நேற்று டாக்டர் எழுதித் தந்த மருந்தை வாங்கி வரச் சொல்லித் தம்பியை அழைக்கக்கூடப் போனில் ஒன்றும் மிச்சமில்லை.

பிள்ளையைப் படுக்க வைத்ததும் இவர்கள். அதைச் சொல்வதற்குக் காசு பிடுங்குவதும் இவர்கள்.

லேண்ட்லைன் இந்தக் காலத்தில் யார் வீட்டில் இருக்கிறது?

இவர் மேசையில் இருக்கிறது.

எண்களை அழுத்தினாள்.

"யம்மா, அது ஆபீஸ் போனு!"

அவர் எழுந்தார். அவள் போனைத் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒரு பார்வை பார்த்தாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

அவள் வீணைக்காகக் காத்திருந்தாள்.

வீணை வரவில்லை.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். குரல் ரிசீவரைத் தாண்டி, காத்திருந்த எல்லோருக்கும் கேட்டது.

"வணக்கம் சார். சொல்லுங்க சார்."

ஆபீஸ் நம்பரைப் பார்த்தால் எடுப்பார்கள். அப்படியென்றால் இத்தனை நாளும் ஆள் இருந்திருக்கிறது.

உதவியாளர் மெல்ல உட்கார்ந்தார்.

"சார் இல்ல" என்றாள். "அமலோற்பவம். சிப்பிக்கூடத் தெரு, பதினாலாம் நம்பர் வீடு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீரின் நிறத்தைச் சொன்னாள். வாடையைச் சொன்னாள். ஐந்து பிள்ளைகளின் பெயரையும் சொன்னாள், கடைசியில் தன் மகளுடையதை. புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, அவருடைய பேனாவை எடுத்து, அவருடைய ஃபைலின் மேலேயே பெரிதாக எழுதினாள்.

"வேற ஒண்ணும் இல்லியே மேடம்?" என்றது எதிர்முனை.

அவள் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் நான்கு பேர். வாசற்படி வரைக்கும் இன்னும் ஏழெட்டுப் பேர். பாதிப் பேர் காதில் செல்போனை வைத்துக்கொண்டு, பேசாமல், வீணையைக் கேட்டபடியே நின்றார்கள்.

"இருக்கு. வைக்காதீங்க" என்றாள்.

முன்னால் நின்ற பெண்ணிடம் ரிசீவரை நீட்டினாள்.

"யக்கா, அந்தப் போனைக் கட் பண்ணிட்டு இங்க வாங்க."