மேம்பாலத்து ஏற்றம்

விற்கிற வண்டி தன் ஆயுளைத் தானே சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அதனால் வாங்க வந்த இளைஞர் ஸ்கூட்டரிடமே கேட்டார்: "இன்னும் எத்தனை வருஷம் ஓடுவே?"

வண்டியின் சொந்தக்காரர் ஞானதுரை பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார்.

"தாராளமா இருபது வருஷம்," என்றது ஸ்கூட்டர். "ஐயா என்னைப் பொத்திப் பொத்தி வச்சிருந்தார். மோட்டார் திணறக் கூடாதுன்னு, மேம்பாலம் வந்தாலே அம்மாவை இறக்கி நடக்க விட்ருவார். அவங்க எட்டு மாசமா இருந்தப்பவும்."

ஞானதுரையின் கை மீசையிலிருந்து இறங்கியது. காபி கொண்டுவந்த மனைவி ரோஸ்லினை அவரால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"இவ்வளவு நல்ல வண்டியை ஏன் சார் விக்கிறீங்க?"

முழங்காலைப் பிடித்தபடி ரோஸ்லின்தான் சொன்னாள்:

"என்னாலதான் தம்பி. இப்பல்லாம் பின்னாடி ஏறி உட்கார முடியல."