விழத் தெரிந்தவள்

பன்னிரண்டு வருடமாகக் கோமளா ஜூடோவில் எறிந்து எறிந்து பழகியது ஜெசிந்தாவைத்தான். ஒருநாளும் கைகொடுத்துத் தூக்கிவிட்டதில்லை. "எந்திரி, இன்னொண்ணு" என்பாள், அவ்வளவுதான். வெளிநாட்டில் நடந்த இறுதிப்போட்டியை ஜெசிந்தா விடுதித் தொலைக்காட்சியில் பார்த்தாள். கோமளாவின் இடுப்பு திரும்பியதுமே, விழும்போது அடிபடாமலிருக்கப் பாயை அறைகிற பழக்கத்தில், இவளுடைய உள்ளங்கை தரையைப் படீரென்று அறைந்தது. திரையில் ஒரு வெள்ளைக்காரி மல்லாந்து கிடந்தாள். தங்கம் கோமளாவுக்கு என்றதும் விடுதியே துள்ளிக் குதித்தது. கோமளா குனிந்து, தோற்றவளைக் கைப்பிடித்து எழுப்பினாள், மார்போடு அணைத்துக்கொண்டாள், கலைந்த அவள் முடியைக்கூட ஒதுக்கிவிட்டாள். "நம்ம கோமளாக்கா ஜெயிச்சிட்டாங்க! நீங்க ஏன்க்கா உம்முனு இருக்கீங்க?" என்றாள் பக்கத்திலிருந்த பெண். ஜெசிந்தா சிவந்த உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தாள். "அந்த வெள்ளைக்காரிக்கு ஒழுங்கா விழக்கூடத் தெரியல."